உப்புச் சாலையில் ஓடிய பழைய காரை வாங்கலாமா?

கேள்வி இதுதான்: கனடாவின் ஒண்டாரியோவிலேயே ஓடிய 13 வயது செடான். ஒரே உரிமையாளர். மீட்டர் 1,10,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. எஞ்சின் சீராக ஓடுகிறது. பின்சக்கர வளைவில் மட்டும் பெயிண்ட் லேசாகப் பொங்கியிருக்கிறது. வாங்கலாமா? வாங்கினால் துருவை நிறுத்த முடியுமா? இல்லை, பனியே பார்க்காத அமெரிக்கத் தெற்கு மாநிலத்துக் காரைக் கொண்டுவருவது மேலா?

காரை லிஃப்ட்டில் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கும்வரை முதல் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பனியை உருக்கச் சாலையில் உப்புப் போடுகிற ஊர்களில் மீட்டரை மட்டும் வைத்துக் காரின் வயதைக் கணக்கிடக் கூடாது. எத்தனை குளிர்காலம் பார்த்தது, அந்தக் குளிர்காலங்களில் எங்கே நின்றது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். குறைவாக ஓடிய கார் சில நேரம் அதிகம் ஓடியதைவிட மோசமாக இருக்கும். தினமும் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போகிற கார் சூடாகி உலரும், மழையில் அலசப்படும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வருகிற கார், உப்புச் சகதியோடு அடுக்குமாடியின் நிலவறை பார்க்கிங்கில் நாள்கணக்கில் நிற்கும். "பெரியவர் ஒருவர் வைத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பார்" என்று விற்பவர் சொன்னால் எஞ்சினுக்கு அது நல்ல செய்தி. தகட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

சாலையில் கொட்டுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், சமையல் உப்பின் சுத்திகரிக்காத அண்ணன். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938-இல் சோதனையாக ஆரம்பித்த பழக்கம் இது; இன்றைக்கு அமெரிக்கா மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உப்பைச் சாலைகளில் போடுகிறது. ஒண்டாரியோவின் கோட்ரிச் ஊரில், ஹ்யூரான் ஏரிக்கு அடியில் சுமார் 550 மீட்டர் ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலும் ஒரு சுரங்கம் உண்டு. மேலே கார் செய்கிறார்கள், கீழே காரைத் தின்கிற சரக்கை வெட்டி எடுக்கிறார்கள்.

23 சதவீத உப்புக் கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது என்பது பாடப்புத்தகக் கணக்கு. சாலையில் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனாலே உப்பு சரியாக வேலை செய்வதில்லை. அதனால் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கரைசல்களைக் கலந்து தெளிக்கிறார்கள். காருக்கு உண்மையான தலைவலி இவைதான். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கசியும். மற்ற இரண்டும் 30, 35 சதவீதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். வெயில் அடித்துத் தரையெல்லாம் வெள்ளையாகக் காய்ந்திருக்கிற நாளிலும் சேஸிஸ் மடிப்புக்குள் ஈரம் அப்படியே இருக்கும். பனி வருவதற்கு முந்தைய நாள் சாலையில் வெள்ளைக் கோடு கோடாகத் தெரிகிறதே, அது முன்கூட்டியே தெளித்த உப்புக் கரைசல். கல்லுப்பு தெறித்துக் கீழே விழுந்துவிடும். கரைசல் டயர் கிளப்புகிற புகைபோன்ற தூவலாக எல்லா இடுக்கிலும் நுழையும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்ஸிஜனும் போதும், உப்பே வேண்டாம். உப்பு வந்தால் நீர் நன்றாக மின்சாரம் கடத்தும். குளோரைடு அயனி இரும்பின்மேல் படிகிற மெல்லிய காப்புப் படலத்தையும் உடைத்துவிடும். இதோடு இன்னொரு விஷயம் சேர்கிறது. இரண்டு தகடுகளை மடித்து ஒட்டிய இடுக்கில் நீர் தேங்கினால், இடுக்கின் உள்ளே ஆக்ஸிஜன் குறைவு, வாயருகே அதிகம். இந்த வித்தியாசமே ஒரு சிறு மின்கலமாகி, உள்ளே இருக்கிற இரும்பைக் கரைக்கும். கார் துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருவதற்கு இதுதான் காரணம். துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்ட் பொங்குகிறது. நீங்கள் கொப்புளத்தைப் பார்க்கும்போது உள்பக்க வேலை அநேகமாக முடிந்திருக்கும்.

வெப்பநிலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இப்படிப்பட்ட வினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான விதி. மைனஸ் 15-இல் வெளியே நிற்கிற காரில் துரு அநேகமாக நகராது. அதே காரை உப்புச் சகதியோடு சூடேற்றிய கராஜில் இரவு முழுக்க விட்டால், பனி உருகி, உப்பு கரைந்து, இளஞ்சூட்டில் வினை ஜோராக நடக்கும். கராஜில் வைத்த கார் என்பதைப் பெருமையாக விளம்பரத்தில் போடுவார்கள். சூடான கராஜ் என்றால், உள்ளே விடும் முன் அடியைக் கழுவுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். இதே காரணத்தால்தான் ஜனவரியைவிட மார்ச், ஏப்ரலில் கேடு அதிகம். வெயில் வந்துவிட்டது, உப்பு இன்னும் போகவில்லை.

சரி, உங்கள் கொப்புளத்துக்கு வருவோம். பின்சக்கர வளைவில் வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்து மடிகிற இடம் டயர் வாரியடிக்கிற சகதிக்கு நேர் எதிரே இருக்கிறது. வெளித்தகடு சுமார் 0.7 மில்லிமீட்டர் கனம்தான். அதன்மேல் துத்தநாகப் பூச்சு சுமார் 7 முதல் 10 மைக்ரான், பிறகு மின்பூச்சு, பிரைமர், நிறம், வார்னிஷ். துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். தீர்ந்தபிறகு காப்பாற்ற ஆளில்லை. போர்ஷே 911 1970-களின் நடுவிலேயே துத்தநாகம் பூசிய உடலுக்கு மாறியது, ஆவ்டி 1980-களில் மாறியது, மற்றவர்கள் மெதுவாகப் பின்தொடர்ந்தார்கள். அதனால் 1970-களின் கார்களைப்போல நான்கே வருஷத்தில் ஓட்டை விழுவதை இப்போது பார்ப்பது அரிது. 13 வருஷம் என்பது அந்தப் பாதுகாப்பெல்லாம் மடிப்புகளில் தீருகிற வயசு.

அந்தக் கொப்புளம் மட்டும்தான் என்றால் அது அழகுப் பிரச்சினை, உயிர்ப் பிரச்சினை இல்லை. சுரண்டிப் பார்த்தால் ஓட்டை விழும், அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே வளைவின் முன்முனை கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பெட்டியோடு சேர்கிறது. ராக்கர் என்றும் சொல்வார்கள். அடியில் தனிச் சட்டகம் (ஃபிரேம்) இல்லாத இன்றைய கார்களில் இந்தச் சில் வெறும் அலங்காரத் தகடு இல்லை, உடலின் முதுகெலும்பில் ஒரு பங்கு. பக்கவாட்டில் மோதினால் தாங்குவதும், ஜாக் போட்டுத் தூக்கும்போது எடையைச் சுமப்பதும் இதுதான். பல மாடல்களில் பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். மூடிக்குள் மண் நிரம்பி, ஈரம் காயாமல், உள்ளே தகடு காகிதமாகிக்கொண்டிருக்க, வெளியே பார்த்தால் புதுக் கருக்கு மாறாமல் இருக்கும்.

இனி நான் மிகவும் பயப்படுகிற இடம்: பிரேக் லைன்.

பிரேக் மிதியோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்களுக்கு அழுத்தத்தைக் கொண்டுபோவது பென்சிலைவிட மெல்லிய எஃகுக் குழாய்கள். வெளிவிட்டம் பெரும்பாலும் 4.75 மில்லிமீட்டர், சுவரின் கனம் சுமார் 0.7 மில்லிமீட்டர். அவசரமாக மிதிக்கும்போது உள்ளே 100 பார் அளவுக்கு அழுத்தம் ஏறும். டயருக்குள் இருப்பது இரண்டேகால் பார்தான் என்பதை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள். இந்தக் குழாய்கள் காரின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடுகின்றன, பிளாஸ்டிக் கிளிப்புகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கிளிப்பின் பிடிக்குள் உப்பு மண் சேரும், வெளியேறாது. நேராகப் பார்த்தால் குழாய் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். கிளிப்பை நெம்பினால்தான் கதை புரியும். முதலில் மேல்பூச்சு கொப்புளிக்கும். அப்புறம் கொப்புளம் வெடித்துப் பழுப்புச் செதில் எட்டிப் பார்க்கும். நகத்தால் செதிலை எடுத்தால் அடியில் அம்மைத் தழும்புபோலக் குழி குழியாக இருக்கும். ஒரு குழியில் எண்ணெய் மினுக்கு தெரிந்தால் பிரேக் ஆயில் வெளியே வர ஆரம்பித்துவிட்டது, அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. பெட்ரோல் டேங்குக்கு மேலும், பின் அச்சுக்கு மேலும் ஓடுகிற துண்டுகள்தான் அதிகம் போகின்றன. அங்கே கை நுழைவதே கஷ்டம் என்பதால் பரிசோதனையில் தப்பிவிடுவதும் அவைதான்.

இதில் வஞ்சகம் என்னவென்றால், துருத்த குழாய் சிக்னலில் மெதுவாக மிதிக்கும்போதெல்லாம் தாங்கும். திடீரென்று எதிரே ஒருவர் குறுக்கே வந்து முழுப் பலத்தோடு மிதிக்கிற நொடியில்தான் வெடிக்கும், ஏனென்றால் அழுத்தம் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். பிரேக் குழாய்கள் இரண்டு தனிச் சுற்றுகளாக இருப்பதால் ஒரு சுற்று போனாலும் மற்ற சுற்று வேலை செய்யும். ஆனால் மிதி தரைவரை இறங்கும், நிற்கிற தூரம் மிகவும் கூடும், ஓட்டுகிறவர் பதறிப்போவார்.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. இதைப் பல வருஷம் ஆராய்ந்தது. 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப், எஸ்.யு.வி. வண்டிகள் சுமார் 50 லட்சம் அந்த விசாரணைக்குள் வந்தன. 2015-இல், வண்டிகளை நிறுவனமே இலவசமாகச் சரிசெய்யத் திரும்ப அழைக்கிற உத்தரவு எதுவும் இல்லாமலேயே கோப்பை மூடினார்கள். ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புக் குறை என்று சொல்ல முடியாது, உப்புப் பகுதிகளில் வயதான வண்டிகளுக்கு வருகிற தேய்மானம் என்பது அவர்கள் முடிவு. அதோடு, 2007-க்கும் அதற்கு முன்பும் வந்த எந்த வண்டியானாலும் அடியைக் கழுவுங்கள், குழாய்களைப் பரிசோதியுங்கள், துரு முற்றியிருந்தால் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள் என்று எச்சரிக்கையும் விட்டார்கள். உப்பில் ஏழெட்டு வருஷம் ஓடினாலே இது ஆரம்பிக்கலாம் என்பது அந்த எச்சரிக்கையின் கணக்கு. அந்த முடிவு உரிமையாளர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடைமுறையில் அதன் பொருள் தெளிவு: குழாய் போனால் செலவு உங்களுடையது.

முழுத் தொகுதியையும் மாற்றச் சொன்னதைக் கவனியுங்கள். வெடித்த துண்டை மட்டும் வெட்டிவிட்டு இணைப்புப் போட்டால், அடுத்த பலவீனமான இடம் அடுத்த மாதம் வெடிக்கும். மாற்றுவதானால் செம்பும் நிக்கலும் கலந்த குழாயைக் கேளுங்கள். வோல்வோ 1970-களிலிருந்தே இதைப் பயன்படுத்தியிருக்கிறது. உப்புக்கு அசையாது, கையாலேயே வளைக்கலாம். முனைகளை இரட்டை மடிப்பாக விரித்துத்தான் பொருத்த வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடுவதுபோல வளையம் வைத்து இறுக்குகிற இணைப்பை பிரேக்கில் யாராவது போட்டிருந்தால், அந்தக் காரில் வேறு என்னென்ன செய்திருப்பார்களோ என்று யோசியுங்கள். பிரேக் லைனுக்குப் பக்கத்திலேயே, அதே கிளிப்பில், பெட்ரோல் லைனும் ஓடுகிறது. ஒன்று போயிருந்தால் மற்றதையும் பாருங்கள்.

அடுத்தது சப்ஃபிரேமும் அச்சும். எஞ்சினையும் சஸ்பென்ஷன் கைகளையும் தாங்குகிற சப்ஃபிரேம் பெட்டி வடிவத்தில் இருக்கும். உள்ளே போன நீர் வெளியேற ஓட்டை இருக்கும். மண் அடைத்துவிட்டால் அது ஒரு தொட்டி. ஃபோர்டு விண்ட்ஸ்டாரின் 1998-2003 மாடல்களில் பின் அச்சு இப்படித்தான் உள்ளிருந்து துருத்து விரிசல் விட்டது. உப்புப் பகுதிகளில் இருந்த லட்சக்கணக்கான வண்டிகளை 2010-இல் திரும்ப அழைத்தார்கள். டொயோட்டா டகோமா பிக்கப்பின் சட்டகம் இன்னும் பெரிய கதை. 1995-2000 மாடல்களுக்கு 2008-இல் சட்டகத்துக்கு 15 வருஷ உத்தரவாதம் நீட்டி, ஓட்டை விழுந்தவற்றைச் சந்தை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பிறகு வந்த மாடல்களுக்காக 2016-இல் ஒப்புக்கொண்ட சமரசம் சுமார் 15 லட்சம் வண்டிகளையும் 340 கோடி டாலர் வரையும் தொட்டது. டொயோட்டாவின் இன்னொரு பிக்கப்பான டண்ட்ராவின் 2000-2003 மாடல்களில் குறுக்குச் சட்டகம் துருத்து உதிரி டயர் சாலையில் விழக்கூடும் என்று தனியாக ஒரு திரும்ப அழைப்பு. ஓடுவதில் பெயர் வாங்கிய வண்டி என்பதால் உப்பு சலுகை காட்டாது என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன். நம் ஆட்களில் பலர் பிராண்டைப் பார்த்ததும் அடிப்பக்கம் குனிவதை விட்டுவிடுகிறார்கள்.

சுருள்வில்லும் உடையும். பெரும்பாலும் கடைசிச் சுற்று, தாங்கு தட்டில் உட்காருகிற இடத்தில். பூச்சு உரசிப் போய், குழி விழுந்து, ஒரு குளிர்காலைப் பள்ளத்தில் 'டக்' என்று போகும். காரின் ஒரு மூலை ஓரிரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அங்கே பாருங்கள். பெட்ரோல் ஊற்றும் குழாயின் கழுத்து, டேங்கைத் தாங்குகிற பட்டைகள், கியர்பாக்ஸ் குளிர்விக்கும் குழாய், கைபிரேக் கேபிள், ஏ.பி.எஸ். சென்ஸார், எர்த் கம்பி முனை ஆகியவை தொந்தரவு தருகிறவை, காரைத் தூக்கிப் போட வைக்கிறவை அல்ல. டேங்கின் பட்டையை மட்டும் இந்தப் பட்டியலில் லேசாக எடுக்காதீர்கள்.

பார்ப்பது எப்படி என்று கேட்டால், லிஃப்ட் இருக்கிற கடை, நல்ல டார்ச், கைப்பிடி கனமான ஒரு ஸ்க்ரூடிரைவர், துணி சுற்றிய ஒரு காந்தம் போதும். அடுத்தவர் காரைக் கூர்முனையால் குத்தக் கூடாது, கைப்பிடியால் தட்டிக்கொண்டே போகலாம். நல்ல தகடு 'டங்' என்று தெளிவாகப் பேசும். உள்ளே துரு சேர்ந்த தகடு 'தொப்' என்று மழுங்கிக் கேட்கும், கூடவே உள்ளே மணல் சரிவதுபோல ஒரு சத்தம் வரும். ஜாக் போடும் விளிம்பில் ஆரம்பித்து, சில் முழுவதும், பின்சக்கரத்துக்கு முன்னால், பின் சஸ்பென்ஷன் கை உடலோடு சேருமிடம், அப்புறம் சப்ஃபிரேமின் நான்கு போல்ட் மூலைகள் என்று வரிசையாகப் போங்கள். தட்டும்போது சத்தம் மாறுகிற இடத்தில் நின்று பாருங்கள். பானெட்டைத் திறந்து முன்பக்க ஸ்ட்ரட் (சுருள்வில்லும் அதிர்வுத்தாங்கியும் சேர்ந்த கால்) மேல்முனையையும் பாருங்கள். டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி உதிரி டயர்க் குழியில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். காந்தம் வளைவிலும் சில்லிலும் ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இரும்பு இல்லை, புட்டி இருக்கிறது.

அடிப்பக்கம் முழுக்கப் பளபளவென்று புதுக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். 13 வருஷம் அடிக்காதவர் விற்கிற வாரத்தில் ஏன் அடித்தார்? பழுப்பு நிறத்தில் வெளிப்படையாகத் துரு தெரிகிற கார், புதுக் கறுப்பு பூசிய காரைவிட நேர்மையானது. மேல்மட்டத் துரு பழைய உப்புக் காரில் இருக்கத்தான் செய்யும், 3 மில்லிமீட்டர் கனமுள்ள சஸ்பென்ஷன் கையில் பழுப்புப் படிந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அடுக்கு அடுக்காக இலைபோல உரிகிறதா, தட்டினால் துண்டாக விழுகிறதா என்பதுதான் எல்லைக்கோடு.

அரசுச் சான்றிதழை நம்பலாமா என்றால், ஓரளவுதான். ஒண்டாரியோவில் கார் கைமாறும்போது பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், அது 36 நாள் செல்லும். அதற்குப் பிறகு சொந்தக் காருக்கு ஆண்டுப் பரிசோதனை கிடையாது. ஆகவே ஒரே உரிமையாளர் என்றால், பெருமைக்குரிய அந்த விஷயமே, 13 வருஷமாக யாரும் கட்டாயத்தின்பேரில் அடியைப் பார்க்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் மிஷிகனில் கைமாறும்போதுகூடப் பரிசோதனை இல்லை. பென்சில்வேனியா, நியூயார்க் மாநிலங்களில் ஆண்டுதோறும் உண்டு. பிரிட்டனின் ஆண்டு வாகனப் பரிசோதனையான எம்.ஓ.டி.யில் ஒரு நல்ல விதி இருக்கிறது: சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் போன்றவை உடலோடு சேரும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகட்டின் பலம் குறைகிற அளவுக்குத் துரு இருந்தால் தோல்வி. நீங்கள் எங்கே இருந்தாலும் அந்த 30 சென்டிமீட்டரை மனதில் வைத்துப் பாருங்கள், துருவில் எது ஆபத்து எது அசிங்கம் என்பது பெரும்பாலும் பிரிந்துவிடும்.

பலர் கணக்கில் சேர்க்காத ஒரு செலவு உண்டு: போல்ட். உப்புக் காரில் பழுதான பாகத்தின் விலை சின்னது, அதைக் கழற்றுகிற கூலிதான் பெரியது. தெற்கத்திக் காரில் முக்கால் மணி நேரத்தில் மாறுகிற ஸ்டெபிலைசர் லிங்க் (சஸ்பென்ஷனில் ஒரு சின்ன இணைப்புக் கம்பி), இங்கே நட்டு உருண்டு, நெருப்பில் காய்ச்சி, கடைசியில் கட்டர் வைத்து அறுத்து அரை நாள் ஆகும். எக்ஸாஸ்ட் போல்ட் உடைந்தால் துளையிட்டு எடுக்க வேண்டும். கைதேர்ந்த மெக்கானிக் இதையெல்லாம் பார்த்துத்தான் விலை சொல்வார். "துரு இருந்தால் கூடுதல்" என்று அவர் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் காருக்கு என் கணக்கு இது. சில், சப்ஃபிரேம், பின் சஸ்பென்ஷன் பிடிமானங்கள் திடமாக இருந்து, பிரேக் லைன் மட்டும் போயிருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டு வாங்கலாம். வளைவுக் கொப்புளத்தையும் அதே பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சில் ஒரு பக்கம் மெத்தென்று இருந்தால், நல்ல வெல்டர் தெரிந்தவர்கள் மட்டும் மேலே யோசிக்கலாம். துருத்த பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தகடு வைக்க வேண்டும், துருவின்மேல் ஒட்டுப் போடுவது ஏமாற்று வேலை. சப்ஃபிரேம் போல்ட் மூலைகள் உரிந்தால் எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கினால் தடுக்கலாமா என்றால், வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை, குளிருக்கு முன், இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகிற எண்ணெயோ கம்பளிக் கொழுப்பு கலந்த பூச்சோ அடிப்பதுதான் இப்போதைக்கு இருப்பதில் நல்லது. சில்லின் உள்ளே, கதவுகளின் அடியில், பின்வளைவின் உள்மடிப்பில் குழல் விட்டு அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் பூசிவிட்டு அனுப்புகிற கடைக்கு இரண்டாம் முறை போகாதீர்கள். இரண்டு நாளைக்குச் சொட்டும், நாறும், பக்கத்து வீட்டுக்காரர் தரையைப் பற்றிப் பேசுவார். சொட்டினால் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். ரப்பர்போலக் கெட்டியாகும் பூச்சைப் பழைய காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். புதுக் காரில் சரியாகப் பூசினால் பரவாயில்லை. ஏற்கனவே துரு இருக்கிற தகட்டில் அது விரிசல் விட்டு, உப்பு நீரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே ஒன்றும் தெரியாமல் மூடிக்கொள்ளும். பேட்டரியில் இணைக்கிற மின்னணுத் துருத்தடுப்புப் பெட்டியும் வேண்டாம். கப்பலுக்கும் நிலத்தடிக் குழாய்க்கும் மின் பாதுகாப்பு வேலை செய்வது அவை தொடர்ந்து நீரிலோ ஈர மண்ணிலோ கிடப்பதால். காரைச் சுற்றி இருப்பது காற்று, மின்சாரம் சுற்றிவர வழியே இல்லை. அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்.டி.சி. 1990-களிலேயே இப்படியொரு பெட்டியின் விளம்பரத்துக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது.

கழுவுவதில் முக்கியம் நேரம். சுழியத்துக்கு மேல் வெப்பம் ஏறுகிற நாளில், அடியிலிருந்து பீய்ச்சுகிற வசதி உள்ள இடத்தில் கழுவுங்கள். குளிர்காலம் முடிந்து சாலை மழையில் சுத்தமானதும் ஒரு முறை நிதானமாக, வளைவுகளின் உள்ளுதட்டில் விரல் விட்டு மண்ணைத் தோண்டி எடுத்துக் கழுவுங்கள். கதவடி வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். கதவை ஆட்டும்போது உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்டால் துளை அடைத்திருக்கிறது. துருவை மாற்றுகிற ரசாயனங்கள் மேல்மட்டத் துருவுக்கு மட்டும் சரி. இலையாக உரிகிற இடத்தில் பூசினால் மேலே கறுக்கும், அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

தெற்கத்திக் கார் மேலா? அரிசோனா போன்ற வறண்ட இடம் என்றால் தகட்டில் சந்தேகமே வேண்டாம், மேல். 15 வயதுக்குக் கீழ் என்றால் கனடாவின் இறக்குமதி வாகனப் பதிவு நடைமுறை, அதன் கட்டணம், இங்கே தேவையான மாற்றங்கள் எல்லாம் கணக்கில் சேரும். வெயில் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் தின்றிருக்கும்: கதவு ரப்பர், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ், குழாய்கள், டேஷ்போர்டு, டயர். அதெல்லாம் மாற்றக்கூடியவை. டெக்ஸஸ், லூசியானா, ஃபுளோரிடா கடலோரத்திலிருந்து வருகிற கார் என்றால் வேறு மாதிரிப் பாருங்கள், புயல் வெள்ளத்தில் நின்ற கார்கள் காகிதம் மாறி வடக்கே வருவது புதிதில்லை. அடிப்பக்கம் சுத்தமாக இருக்க, இருக்கையைப் பிடித்திருக்கிற போல்ட் தலையில் துரு, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் கடைசி அரை மீட்டரில் சேற்றுக் கறை, டேஷுக்கு அடியில் உள்ள இரும்புப் பிடிகளில் பழுப்பு என்று தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். உப்புச் சாலைக் காரில் துரு தகட்டில் இருக்கும், தட்டிக் கண்டுபிடிக்கலாம். வெள்ளக் காரில் அது வயரிங் கனெக்டருக்குள்ளும் ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கும்.